நாற்பத்தொன்றாம் கம்பம்

இந்த ஊரின் வெளிச்சத்துக்கு
நான்தான் பொறுப்பு.
அறுநூற்றுப் பன்னிரண்டு தெருவிளக்குகள்.
எதன் மூடிக்குள் தண்ணீர் இறங்கும்,
எது மைனஸ் முப்பதில் கண்சிமிட்டும்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
இருட்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால்
தெரியாது என்பேன்.
பொய்.

ஹிர்விகோஸ்கியில் இருட்டு
நீங்கள் நினைப்பதுபோல் மலிவில்லை.
மே பாதியிலிருந்து சூரியன் படுப்பதே இல்லை,
படுத்தாலும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும்.
செப்டம்பரில் இரவு வரும்,
மேகத்தையும் கூட்டிக்கொண்டு.
அக்டோபரில் மரம் அறுக்கும் ஆலைக்கு மூன்று ஷிப்ட்.
முதல் பனி விழுந்ததும்
ஒவ்வொரு விளக்கும் இரண்டாகிவிடும்,
கம்பத்தில் ஒன்று, தரையில் ஒன்று.
ஆற்றுக்கு அக்கரையில்
வேலியாலாவின் தக்காளிக் கூடாரம்
குளிர்காலம் முழுக்க
இதோ விடியப்போகிறது என்று நிற்கும்.
விடியாது.

நவம்பர் ஒன்பதாம் தேதி
பள்ளிக்கூடச் சாலையின் கடைசியில்
நாற்பத்தொன்றாம் கம்பம் அணைந்தது.
ஏணியைச் சாய்த்தேன்.
அண்ணாந்தேன்.
ஏறவில்லை.

அறுமீன் அன்று ஆறாக இல்லை.
எட்டு எண்ணினேன்,
ஒன்பதாவது சந்தேகம்.

வேலைத்தாளில் எழுதினேன்:
உதிரிபாகம் வரவில்லை.
உதிரிபாகம் என் வண்டியிலேயே இருந்தது,
பதினோரு நாள்.
பதினோரு இரவும் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
அந்தக் கம்பத்தடியில் நின்றேன்,
நாயை நடத்த வந்தவனைப்போல,
நாய் இல்லாமல்.

பிறகு நகராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது.
என் மகள் பேருந்துக்கு நிற்கும் இடம் அது.
காலை ஏழே கால்.
நேற்று ஒரு மரலாரி
அவள் புத்தகப்பையை உரசிக்கொண்டு போனது.
கீழே, ஹெல்வி நிக்குலா என்று கையெழுத்து.

இருட்டுக்கும் உரிமை உண்டு என்று
எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றான்.
உட்காரச் சொன்னேன்.
நான்கு திருகு, ஒரு சின்னப் பெட்டி,
பத்து நிமிட வேலை.
எரிந்தது.
கீழே நின்ற சிறுமி கண்ணுக்குக் கை மறைத்துப் பார்த்தாள்.
நன்றி சொல்லவில்லை, அதுதான் சரி.
பையின் பட்டையில் கறுப்பாக ஒரு கோடு.

அன்றிரவு நாற்பத்தாறு கிலோமீட்டர் ஓட்டினேன்.
கைவிடப்பட்ட சரளைக்குழி,
மூன்று பக்கம் மண்சுவர்.
முகப்பு விளக்கை அணைத்தேன், எஞ்சினை அணைத்தேன்.
உள்விளக்கு மட்டும் அடம்பிடித்தது,
அதற்கு என் கையுறையை மாட்டிவிட்டேன்.
கண் பழக இருபது நிமிடம் ஆகும்.
பதினெட்டாவது நிமிடத்தில்
வடக்கே பச்சையாக ஒன்று எழுந்து
வானம் முழுக்கத் துணி உலர்த்தத் தொடங்கியது.

அதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள்.
கண்ணாடிக் குடிலில் மல்லாந்து படுக்க
ஓர் இரவுக்கு என் வாரச் சம்பளம் தருகிறார்கள்.
நான் அதைத் திட்டினேன்,
வாய்விட்டு.

யாரோ சிரித்தார்கள்.

குழியின் மறு ஓரத்தில்
விளக்கில்லாத இன்னொரு வண்டி.
"ரெண்டு மணிக்கு அடங்கிடும்," பெண்குரல்.
நான் டார்ச் அடிக்கவில்லை, அவளும் அடிக்கவில்லை,
இங்கே மரியாதை என்பது அதுதான்.
ஃபிளாஸ்க் மூடி இருட்டில் கைமாறியது.
காபியில் சர்க்கரை அதிகம்.

"பதினோரு நாள் என் வீட்டு வாசலிலேயே
நல்லாத் தெரிஞ்சுது," என்றாள்.
"நானே கடிதம் எழுதிக் கெடுத்துக்கிட்டேன்.
மகள் இந்த வாரம் அவ அப்பாகிட்ட.
அதான் இவ்வளவு தூரம்."
கொஞ்சம் பொறுத்து,
"கம்பத்தடியில ஒருத்தன் தினமும் வந்து நிப்பான்.
என்ன நாயோ, ஒருநாளும் கண்ணில படலை."

மூடியைத் திருப்பிக் கொடுத்தேன்.
மூச்சு என் தாடியில் உறைந்துகொண்டிருந்தது.

இரண்டு இருபதுக்குப் பச்சை வடிந்தது.
தெற்குச் சுவரின் விளிம்பில் மட்டும்
ஊரின் மஞ்சள், நகக்கண் அளவு.
அதில் அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூடக்
குறையவில்லை.

"ஒன்பதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"பேசாதீங்க," என்றாள்,
"எண்ணிக்கிட்டிருக்கேன்."